கறுப்பு வெள்ளையில் நம் நிலம்

"எங்கள் தறிக்கொட்டகைச் சுவரில் குன்று தலைகீழாகத் தொங்குகிறது, வந்து பாருங்கள்!" என்று ஒரு சனிக்கிழமை காலையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து சொன்னபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மின்சாரம் போய் விசைத்தறிகள் அனைத்தும் ஓய்ந்திருந்தன. புழுதி வராமலிருக்கத் தகரக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அந்தக் கதவில் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை ஒன்று. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். எதிர்ச்சுவரில், சுண்ணாம்பு அடித்த வெள்ளைப் பரப்பில், வெளியே வெயிலில் நின்ற குன்றும் இரண்டு பனைமரங்களும் தலைகீழாகத் தெரிந்தன. வானம் கீழே நீலமாகக் கிடந்தது. சைக்கிளில் போன ஒருவர் தலைகீழாக மிதித்துக்கொண்டு சுவரைக் கடந்து போனார்!

நாங்கள் வியந்து நின்றதைப் பார்த்து அந்த வீட்டு அவ்வாவுக்குத்தான் சிரிப்பு. "இது என்ன அதிசயம்? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து வருகிறதே! அப்போது ஓட்டை வேறு கதவில் இருந்தது" என்றார்.

திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் ஆசிரியை இதை விளக்கினார். ஒளி நேர்கோட்டில் செல்வது. குன்றின் உச்சியிலிருந்து புறப்படும் கதிர் சிறு துளை வழியே புகுந்து சுவரின் அடிப்பகுதியில் விழுகிறது. அடிவாரத்திலிருந்து வருவது மேலே விழுகிறது. ஆகவே உருவம் தலைகீழாகிறது. 'கேமரா' என்ற சொல்லே லத்தீன் மொழியில் அறையைக் குறிப்பது என்றும், முதல் கேமராக்கள் இத்தகைய இருட்டறைகளே என்றும் அவர் சொன்னார். சுவரில் விழுந்த உருவத்தை அழியாமல் நிறுத்தி வைக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் புகைப்படக் கலை பிறந்தது. 1839-ஆம் ஆண்டில் அது உலகறிய வெளியிடப்பட்டது.

அன்று வகுப்பில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "நம் தமிழ்நாட்டில் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காடு மலை என்று அலைந்தவர் யார்?" என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் நூலகத்தில் தேடினோம். சென்னையில் படிக்கும் அக்காமார்களிடம் கேட்டு எழுதினோம். கிடைத்த பெயர்களுள் எங்கள் மனத்தில் தங்கிவிட்ட பெயர் மா. கிருஷ்ணன். அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவருக்கு முன்னே நம் நாட்டில் நடந்த ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

கும்பினி ஆட்சிக் காலத்தில் சென்னை இராணுவத்தில் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டன், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களுக்குச் சென்று படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி என்றால் மிகையான உணர்ச்சி. அதனால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே பதியும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, மேகங்களைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்! 1859-இல், அரசின் நிதிநிலைக்கு இது ஒவ்வாத ஆடம்பரம் என்று புதிய கவர்னர் டிரெவெலியன் இந்தப் பணியை நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் மிகக் குறைவாகவே படமெடுத்தார். அரசு கொடுத்த வேலை, அரசு நிறுத்தியதும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. கிருஷ்ணனின் கதை இதற்கு நேர்மாறானது. அவரைப் படமெடுக்கும்படி யாரும் பணிக்கவில்லை. எனவே நிறுத்தவும் எவராலும் இயலவில்லை.

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் கடைசிப் பிள்ளை. தந்தையார் அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்ற நாவலின் ஆசிரியர் என்று நம் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோமே, அவரேதான். உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர். பெண் கல்விக்காகவும் குழந்தை மணத்தை எதிர்த்தும் துணிந்து பேனா பிடித்தவர். காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, சென்னை மயிலாப்பூரில் குடியேறி, சொந்தமாக அச்சகம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' என்ற மாத இதழையும் நடத்தினார்.

1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கடைக்குட்டி கிருஷ்ணனுக்கு வயது 13.

அவர்கள் வாழ்ந்த இல்லம் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்தது. அந்தச் சாலைக்கு இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். ஆம், நமது திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அதே சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்தான். அவருடைய வீடும் அந்தச் சாலையிலேயே இருந்தது. எங்களுக்கு இதைப் படித்ததும் கிருஷ்ணன் ஏதோ நம் பக்கத்து ஊர்க்காரர் போலவே தோன்றிவிட்டது!

இன்று மயிலாப்பூர் என்றால் கோவிலும் கடைவீதியும் நெரிசலும் நம் நினைவுக்கு வரும். 1920-களில் அதன் ஓரங்கள் புதர்க்காடாக இருந்தன. அங்கே பறவைகள் நிறைந்திருந்தன, நரிகள் ஊளையிட்டன, வெளிமான்கள் கூட மேய்ந்தன. அந்தப் புதர்களே சிறுவன் கிருஷ்ணனுக்குப் பள்ளிக்கூடம். கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். உண்மையான பள்ளியான இந்து உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். ஆனால் மனம் லயித்தது இலக்கியத்திலும் ஓவியத்திலும் இந்தப் புதர்க்காட்டிலும்தான்.

1927-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி. எஃப். ஃபைசன், தென்னிந்திய மலைப்பகுதிச் செடிகொடிகளைப் பற்றிப் பெரும் நூல்கள் எழுதியவர். அவர் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடி தேடிச் சென்றபோது கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியார் ஓர் ஓவியர். செடிகளை உள்ளது உள்ளபடி நீர்வண்ணத்தில் தீட்டும் முறையை அந்த அம்மையாரிடம் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஓர் இலையை ஓவியமாகத் தீட்ட வேண்டுமானால், அதன் விளிம்பு பல் பல்லாக இருக்கிறதா, மழுங்கலாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். 'பச்சை இலை' என்று பொதுவாக ஓர் இலையைத் தீட்ட முடியாது. கேமராவோ நாம் பாராததையும் பதிந்துவிடும். சோம்பேறிக்கு அது பெரிய வசதி! கிருஷ்ணனின் கண் தூரிகையால் பழக்கப்பட்ட கண். அவருடைய படங்களில் தெரியும் கூர்மைக்கு அதுவே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

1931-இல் பட்டம் பெற்றார். மேற்படிப்பும் சட்டமும் முடித்தார். அண்ணன்மாரில் ஒருவரான மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே விளங்கியவர். தம்பியோ வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும், கேலிச்சித்திரம் வரைந்தும் காலம் தள்ளினார். 1937-இல் திருமணம் ஆயிற்று. துணைவியார் பெயர் இந்துமதி. படித்த பிள்ளை, உயர்ந்த குடும்பம், நிலையான வேலை இல்லை. நம் வீடுகளில் இப்படியொரு மகனோ மகளோ இருந்தால் பெற்றோர் என்ன பாடுபடுவார்கள் என்பது நாம் அறியாததல்ல. கிருஷ்ணனின் வீட்டிலும் கவலை இல்லாமலா இருந்திருக்கும்?

1942-இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அந்த மன்னரிடம் பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசியல் செயலாளர் என்று பல வேலைகளை அவர் பார்த்தார். சிறிய ராஜ்யம், ஒரே ஆள் எல்லாமாகவும் இருக்க வேண்டியதுதான்! ஆனால் சண்டூரைச் சுற்றிலும் குன்றுகளும் காடுகளும் இருந்தன. அலுவல் போக மீந்த நேரமெல்லாம் காட்டில் கழிந்தது. ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கித் தபால் அனுப்பும் முயற்சியும் செய்தார். வறண்ட நிலம், முட்புதர், பாறை இவற்றின் அழகு அவருக்கு இங்கே முழுமையாக வசப்பட்டது. விடுதலைக்குப் பின் 1949-இல் சண்டூர் இந்திய நாட்டுடன் இணைந்தது. சமஸ்தான வேலைக்கு முடிவு வந்தது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் அதன்பின் எவரிடமும் மாதச் சம்பளத்துக்குப் பணி செய்யவில்லை. எழுத்தும் படமுமே அவருடைய பிழைப்பு.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். இரு வாரத்துக்கு ஒன்று வீதம் 1996 வரை, 46 ஆண்டுகள் அதை எழுதினார். எண்கணிதத்தில் விருப்பமுள்ள தங்கைமார் கணக்கிட்டுப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டும். காகம், அணில், ஓணான், வீட்டுச் சுவரில் பல்லி என்று கொல்லைப்புறத்து உயிர்களுக்கும் அதில் இடமுண்டு. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக 2002-இல் வெளிவந்தது. எங்களுக்குள் கைமாறிக் கைமாறி அதன் அட்டை கிழிந்துவிட்டது. அருட்சகோதரியிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டோம்.

இனி அவருடைய கேமராவுக்கு வருவோம். காட்டு விலங்குகளைப் படமெடுப்பவர் என்றால் விலை உயர்ந்த கருவிகள் வைத்திருப்பார் என்றுதானே எண்ணுவோம்? கிருஷ்ணனின் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. உடல் ஒரு கம்பெனியுடையது. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இன்னொரு கம்பெனியுடையது. மற்ற உறுப்புகள் அங்கங்கே சேர்த்தவை. எல்லாவற்றையும் தம் கையாலேயே பொருத்தி, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அசாமில் தேயிலைத் தோட்ட அதிகாரியாயிருந்த இ. பி. ஜீ என்பவர் புகழ்பெற்ற இயற்கை ஆர்வலர். பொன்னிறக் குரங்கு ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் இந்தக் கேமராவைக் கண்டு, இது கம்பியாலும் கயிற்றாலும் கட்டி நிறுத்தப்பட்டதோ என்று கேலி பேசி எழுதினார். இவ்வளவு விசித்திரமான கருவியிலிருந்து எப்படி இத்தனை அருமையான படங்கள் வருகின்றன என்று வியக்கவும் செய்தார்.

ஓட்டை உடைசலைச் சேர்த்து ஓட வைப்பது நம் ஊருக்குப் புதியதா? முப்பது வருஷத்துத் தறிக்கு வேறு தறியின் பல்சக்கரத்தை மாட்டி ஓட்டும் அப்பாக்கள் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்! கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்தவரால்தான் அது முடியும். கிருஷ்ணனுக்குத் தம் கேமராவின் உள்ளும் புறமும் தெரியும்.

அவர் கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலேயே பணிசெய்தார். படத்தைக் கழுவுவதும் அச்சிடுவதும் தம் இருட்டறையில் தாமே செய்வார். இன்று கைபேசியில் தொட்டதும் படம் வந்து நிற்கிறது. ஆகவே இருட்டறை வேலையை எங்களில் பலர் அறியோம். வெள்ளிச் சேர்மம் பூசிய படச்சுருளில் ஒளி பட்ட இடம் டெவலப்பர் கரைசலில் கறுக்கும். ஒளி படாத இடத்தில் எஞ்சிய சேர்மத்தை ஹைப்போ கரைத்து நீக்கும். இந்த ஹைப்போதான் வேதியியல் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் சோடியம் தயோசல்பேட். இப்படிக் கிடைக்கும் நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதை ஒரு தாளின் மேல் மீண்டும் ஒளியால் அச்சிட்டால் உண்மையான படம். எங்கே அதிகம் ஒளி கொடுப்பது, எங்கே கையால் மறைப்பது என்பதில்தான் கலைஞரின் திறமை. சமையலில் உப்புப் போடுவதைப் போன்றது அது; அளவு எந்தப் புத்தகத்திலும் இராது.

வண்ணம் இல்லாத படத்தில் என்ன அழகு என்று எங்களில் சிலர் கேட்டார்கள். இதற்கு விடை தேடியபோது அமெரிக்க நாட்டு ஆன்சல் ஆடம்ஸைப் பற்றிப் படித்தோம். மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். கிருஷ்ணனை விடப் பத்து வயது மூத்தவர், 1902-இல் பிறந்தார். பள்ளியில் அமைதியாக உட்கார முடியாத பிள்ளை என்பதால் தந்தையே பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைத்தாராம். 1916-இல் யோசெமிட்டி என்ற மலைப் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு சென்றபோது, 14 வயதுப் பையனுக்குப் பெற்றோர் சிறு பெட்டிக் கேமரா ஒன்றைக் கொடுத்தார்கள். 1984-இல் இறக்கும்வரை அந்தப் பள்ளத்தாக்கின் மேல் கொண்ட அன்பு தீரவில்லை. 1927-இல் அங்குள்ள ஹாஃப் டோம் என்ற பெரும்பாறையைப் படமெடுக்க மலையேறினார். அதுவும் நம் பக்கத்துக் குன்றுகளைப் போன்ற பாறைதான். உயரம் மட்டும் பன்மடங்கு. கடைசியில் எஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் கண்ணாடி வழியே எடுத்தார். வானம் தம் மனத்தில் கண்டபடி இருளாக வராது என்று தோன்றியது. மிஞ்சிய ஒன்றை அடர்ந்த சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே நீலவானம் படத்தில் கறுத்து, பாறை மட்டும் ஒளிர்ந்து நின்றது. டிரைப் தூரிகையால் சரிசெய்ய முயன்ற அதே வானத்தை, ஆடம்ஸ் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டால் வசப்படுத்திவிட்டார் பாருங்கள்! வண்ணத்தை நீக்கிவிட்டால் ஒளி, நிழல், உருவம், தோலின் சுருக்கம், பாறையின் சொரசொரப்பு ஆகியவை மிஞ்சுகின்றன. ஓர் யானையைக் காட்ட இவை போதாவா? யானையின் நிறம் என்ன, சாம்பல்தானே!

யானைகள் மேல் கிருஷ்ணனுக்குத் தனி அன்பு. முதுமலை போன்ற காடுகளில் கால்நடையாகவும், வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்தும் காட்டு யானைகளைப் பின்தொடர்ந்து படமெடுத்தார். 1968-இல் ஜவாஹர்லால் நேரு நினைவு ஆய்வுநிதி அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டி விலங்குகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1959 முதல் 1970 வரையிலான இந்திய வனவிலங்கு நிலையைப் பற்றிய அவருடைய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் வெளியிட்டது. அவர் எடுத்த படங்கள் அந்த ஆய்வின் சான்றுகளாகவும் அமைந்தன. 'அழகாக இருக்கிறதா' என்பதைவிட 'உண்மையாக இருக்கிறதா' என்பதே அவருக்குப் பெரிது. கலைநயம் குறைகிறது, நுட்பத்தையே பிடித்துக்கொள்கிறார் என்று குறை கூறியவர்களும் உண்டு. எங்களுக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. என்றாலும் அவருடைய சில படங்கள் பாடப்புத்தகப் படம் போல இருப்பதை மறைப்பானேன்?

அவர் விலங்குகளைத்தானே எடுத்தார், நிலத்தை எடுத்தாரா என்று கேட்கலாம். அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் அல்லர். ஒரு நாட்டின் அடையாளம், மாறிக்கொண்டே இருக்கும் மனிதப் பழக்கவழக்கங்களில் இருப்பதைவிட, அதன் மலை, ஆறு, மண், மரம், விலங்கு இவற்றிலேயே இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதனால்தான் வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் விடாமல் எதிர்த்தார். குல்மொஹரின் சிவப்புப் பூவைக் கண்டு நாம் மயங்குகிறோம். அவருக்கோ அது வந்தேறி. நம் நாட்டு மரங்கள் இருக்க இது எதற்கு என்பார். இந்த ஒரு விஷயத்தில் எங்களுள் கருத்து வேற்றுமை உண்டு, ஏனென்றால் நம் பள்ளி வாசலிலேயே ஒரு குல்மொஹர் நிழல் தந்து நிற்கிறது. கிருஷ்ணன் வந்திருந்தால் நம்மைக் கண்டித்திருப்பார்!

பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது. 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக மதிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. 1996 பிப்ரவரி 18 அன்று, தமது 83-ஆம் வயதில் மறைந்தார். செல்வம் சேர்த்தாரா என்றால் இல்லை. இதைப் பெற்றோருக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் எங்களுக்குத் தெரிந்தவரை, எடுத்த வேலையைச் சலித்துக்கொண்டு செய்த நாள் அவர் வாழ்வில் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்களை வருத்திய செய்தி வேறொன்று. அவர் விளையாடிய மயிலாப்பூர்ப் புதர்க்காடு இன்று இல்லை. வெளிமான்கள் கிண்டியில் வேலிக்குள் வாழ்கின்றன. அந்தப் பழைய புதர்க்காட்டின் படம் ஒன்றேனும் கிடைக்குமா என்று தேடினோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அங்கே நரி ஊளையிட்டது என்பதை அவர் எழுதியதைப் படித்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. யாருக்கும் அது படமெடுக்கத் தகுந்த இடமாகத் தோன்றியிராது. வெறும் புதர்தானே!

நாமும் நம் குன்றை அப்படித்தானே சொல்கிறோம்? விருந்தினர் வந்தால் திருத்தணி மலைக்கு அழைத்துச் சென்று, படிகளில் நிற்க வைத்துப் படமெடுக்கிறோம். நம் ஊர்க் குன்றை 'மொட்டைப் பாறை' என்று சொல்லிக் கடந்து போகிறோம். இந்த வட்டாரத்தில் கல் உடைக்கும் ஓசை கேட்காத நாளில்லை. தறிக்கொட்டகைச் சுவரில் தலைகீழாகத் தொங்கிய அந்தக் குன்று இன்னும் இருபது ஆண்டு கழித்து அதே உருவில் தொங்குமா என்று எவர் உறுதி கூறுவார்?

ஆகவே நாங்கள் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். முதல் முயற்சி படுதோல்வி என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு மாலை, ஆசிரியையின் கைபேசியையும் இரண்டு வீட்டுக் கைபேசிகளையும் எடுத்துக்கொண்டு குன்றடிக்குப் போய், ஒரு மணி நேரத்தில் இருநூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினோம். வந்து பார்த்தால் பாதிக்கு மேல் எங்கள் முகங்களே! மீதியில் பாறை வெளுத்துப்போய், உச்சி வெட்டுப்பட்டு, எது எங்கே என்றே தெரியவில்லை. ஆசிரியை எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் ஆளுக்கு ஒரே ஒரு படம். அதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

அரை மணி நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் சிரிப்பு. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கிற்று. வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் காரைச்செடி, சூரைச்செடி, கள்ளி, கருவேலம். பாறைப் பிளவில் வேரூன்றிய சிறு ஆலங்கன்று. மாலை வெயில் சாயச் சாய, பாறையின் மடிப்புகளில் நிழல் ஏறி, தட்டையாகத் தெரிந்த குன்று உருண்டு திரண்டது. காலையும் மாலையும் சாய்ந்த வெயிலில் எடுக்க வேண்டும், உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது என்ற விதியை எத்தனை முறை படித்தாலும், கண்ணால் கண்டபோதுதான் காரணம் விளங்கிற்று. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து இரைந்துவிட்டுப் போயின.

அன்று எடுத்த பதினொரு படங்களையும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, தேதியும் நின்ற இடமும் குறித்து, நூலகத்தில் ஓர் ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறோம். சாலையோரத்து மைல்கல்லின் அருகே நின்று, ஆண்டுதோறும் அதே தேதியில் ஒரு படம் எடுத்து அதில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நாங்கள் பள்ளியை விட்டுப் போனபின் தங்கைமார் தொடர்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்பதாம் படம், குன்றைத் தன் கொட்டகைச் சுவரில் முதலில் கண்டுபிடித்த அதே மாணவி எடுத்தது. ஒரு கருவேலமரம், அதன் கீழே கொஞ்சம் கல், கொஞ்சம் காய்ந்த புல், வேறொன்றுமில்லை. ஒட்டுவதற்காகப் பசை தடவிக்கொண்டிருந்தபோது அவளே கத்தினாள். கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே, மண்ணின் நிறத்திலேயே, கவுதாரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அரை மணி நேரமும் அது எங்களிடமிருந்து இருபது அடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. பதினொரு பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.